கார்க் கதவில் ஒரு "ஓம்"

அப்பாவுக்கு சுவிஸில், டீட்டிகோன் நகரில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. நான் பள்ளிக்கூடம் போகும்போது அவர் உறங்குவார். நான் திரும்பும்போது வேலைக்குப் போயிருப்பார். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

பனிக்காலத்தில் வீதியில் தூவும் உப்பு எங்கள் கறுப்புக் காரில் வெள்ளையாகப் படியும். போன வாரம் அதன் கதவில் விரலால் எழுதினேன்: "சாப்பிட்டீங்களோ?"

மறுநாள் காலை அதன் கீழே அப்பாவின் பதில் இருந்தது: "ஓம்".

இன்று அப்பாவுக்கு லீவு. இருவரும் கார் கழுவும் இடத்துக்குப் போய்க் கழுவினோம். உப்புப் போனது, எழுத்துப் போகவில்லை. காய்ந்த உப்பைத் தேய்த்தால் பெயின்ற் கீறுப்படும் என்று அங்கே பலகையில் போட்டிருந்தார்கள்.

"ஆர் காரைக் கீறினது, பிள்ளை?" என்றார் அப்பா.

"நீங்களும்தானே அப்பா."

"நான் ரெண்டு எழுத்துத்தான். நீ கட்டுரையெல்லோ எழுதியிருக்கிறாய்."

உப்புப் பிடிக்காமலிருக்க மெழுகு வாங்கிப் பூசினோம். "இந்தக் கதவுக்கும் பூசட்டோ? கீறல் மறைஞ்சிடும்," என்றார்.

"வேண்டாம் அப்பா."

அவர் மெழுகு டின்னை மூடினார். வீட்டுக்கு வந்ததும் உறங்கிவிட்டார்.

கார் இப்போது கீழே பளபளவென்று நிற்கிறது. அந்தக் கதவில் மட்டும் எங்கள் எழுத்து. புதிதாக எழுத உப்பில்லை.

உங்கள் வீட்டில் எதில் எழுதிக்கொள்கிறீர்கள்? பெயின்ற் கீறுப்படாத வழி இருந்தால் சொல்லுங்கள்.