நான் அமுக்கிய ஐந்து உதை

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கிரேன் ஓட்டுகிறவன் நான். உடனே உயரத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே நின்று, வயரில் தொங்கும் பட்டன் பெட்டியைப் பிடித்தபடி, நாயை நடக்கக் கூட்டிப் போகிறவன் மாதிரி கிரேனோடு நடப்பேன். யார் நாய் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. அங்கே ஒரு சட்டம்: சரக்குப் பக்கத்தில் நிற்கிறவன் "ஏத்து" என்று குரல் கொடுத்தால்தான் பட்டனில் கை வைக்கலாம். பன்னிரண்டு வருஷமாக அதை நான் மீறியதில்லை.

மீறியது ஆஸ்பத்திரியில்.

மனைவிக்கு ஒன்பதாம் மாசம். "காலைலேர்ந்து புள்ள அசையவே இல்லய்யா" என்றாள். "என்னை மாதிரி தூங்குமூஞ்சியா இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நர்ஸ் அவள் வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார். மெஷினில் குழந்தையின் துடிப்பு, காசிமேட்டில் விசைப்படகு கிளம்புகிற மாதிரி டபடபவென்று கேட்டது. பில் காகிதம் போல ஒன்று வெளியே வர, துடிப்பு அதில் கோடாக ஓடியது. மனைவி கையில் வயரோடு ஒரு பட்டனைக் கொடுத்தார். "புள்ள அசையறப்பெல்லாம் அமுக்குமா. இருவது நிமிஷம்."

நர்ஸ் போனதும் மனைவி அதை என்னிடம் நீட்டினாள். "நீதான் பட்டன் புடிக்கிற ஆளாச்சே. நான் சொல்றப்ப அமுக்கு." எனக்கு ஏகப் பெருமை. "ஏத்துன்னு சொல்லு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து நிமிஷம் போயிற்று. ஒரு "ஏத்து"வும் வரவில்லை. நானே அமுக்கினேன். காகிதத்தில் சின்னக் குறி விழுந்தது. பார்க்க நன்றாயிருந்தது. இன்னும் நாலு. சீக்கிரம் விட்டால் வேலைக்குப் போகலாமே என்றுதான் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கே கதை விட்டேன். உண்மையில், குறியே இல்லாத அந்தக் காகிதத்தைப் பார்க்க எனக்குப் பயம். கடைசி டிக் சத்தத்தில் மனைவி கண்ணைத் திறந்து என் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் கண்ணடித்தேன். அவ்வளவு பெரிய மனுஷன்.

நர்ஸ் வந்து காகிதத்தை இழுத்துப் பார்த்தார். "அஞ்சு தடவ அசைஞ்சிருக்கு. அசைஞ்சா துடிப்பு ஏறணுமே, கோடு அப்டியே படுத்துகினு கீது? நெசமா அசைஞ்சுதாமா?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ஆமா சிஸ்டர்."

டாக்டரிடம் காட்டக் காகிதத்தோடு நர்ஸ் கதவு வரை போய்விட்டார்.

"சிஸ்டர், அது... நான் அமுக்குனது."

"இன்னாது?"

"அஞ்சும் நான்தான்."

"புள்ள உன் வயித்துலயா கீது?"

வேறு நாளாக இருந்தால் என் தொப்பையைத் தட்டிக் காட்டியிருப்பேன்.

டாக்டர் வந்தார். ஜூஸ் கொடுத்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மறுபடி முதலிலிருந்து. பட்டன் அவள் கையில். நான் கதவோரம், கையைக் கட்டிக்கொண்டு. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டிக். கோடு ஏறி இறங்கியது. இன்னொரு டிக். அதற்கும் ஏறியது. "இதுக்குப் பேருதான் உதை" என்றார் நர்ஸ், என்னைப் பார்த்து.

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி அழுதாள். "உன்ன திட்டுவாங்களேன்னு ஆமான்னு சொல்ட்டேன். புள்ளைய நெனைக்கலயே. நான்லாம் ஒரு அம்மாவா?"

மகளுக்கு இப்போது நாலு வயசு. மனைவி இன்னும் சில சமயம் அதே கேள்வியைக் கேட்கிறாள். நான் ஏதாவது கோமாளித்தனம் செய்து பேச்சை மாற்றிவிடுகிறேன். "அது உன் தப்பில்லை, என் தப்பு" என்று அவள் முகத்தைப் பார்த்து இதுவரை சொன்னதில்லை.