வாடகைக் குடம், வரிசைக் குடம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மனிதர், ஒரு பெண்ணின் கையிலிருந்த காலிக் குடத்தை வாங்கி, அதன் கழுத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தார். குடத்தில் வாசிக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? நம் வீட்டுப் பாத்திரம் எதை எடுத்தாலும் யார் பேராவது வெட்டியிருக்குமே... அதைத்தான்.

பெரிய மனிதரின் பெயர் வேண்டாம். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். நம் சங்கரன்கோவில்காரர். மைக், மாலை, மேடை என்று அரசியலிலேயே தலை நரைத்தவர். கடைசித் தேர்தலில் தோற்றதும், குடிநீர் வேலைகளைக் கவனிக்கும் ஒரு வாரியத்துக்கு அவரை நிர்வாகியாகப் போட்டுவிட்டார்கள். இப்போது அவர் கையெழுத்துப் போட்டால் ஓர் ஊருக்குத் தண்ணீர் வரும். போடாவிட்டால் வராது.

அவருக்கு மணிவிழா வருகிறது. விழா மலரில் அவர் வாழ்க்கை வரலாறு எழுதுகிற வேலை என் தலையில். அதற்காகத்தான் அவர் வீட்டில், இத்தனை வருஷம் சேர்த்துவைத்த காகிதங்களை டிரங்குப் பெட்டியிலிருந்து கொட்டிப் பரப்பி உட்கார்ந்திருந்தோம். நோட்டீஸ், வரவேற்புப் பத்திரம், பேப்பர் கட்டிங், போட்டோ...

எனக்கோ எதைப் பார்த்தாலும் சந்தேகம். "கோயில்ல பிரசாதமாக் குடுக்குற புத்துமண்ணையே மோந்து பாத்துட்டுத்தான பூசுவிய" என்பாள் என் மனைவி. 'வரலாறு காணாத கூட்டம்' என்றது ஒரு கட்டிங். படத்தை உற்றுப் பார்த்தேன். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் ஒரு மாடுதான் நின்றது.

இன்னொரு படத்தில் காலிக் குடங்களோடு பெண்கள் ஊர்வலம். முன்னால் கையை உயர்த்தியபடி அண்ணாச்சி.

"இந்தக் குடம் பூரா பாத்திர வாடகைக் கடையில எடுத்தது வே" என்றார் பெருமையாக. "வந்த பொம்பளையள்ல பாதிப் பேருக்கு எதுக்கு வந்தோம்னே தெரியாது. ஆனா மறுநாள் பேப்பர்ல நம்ம படம்லா வந்துச்சு."

அடுத்த படத்தில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு எவர்சில்வர் குடம் கொடுக்கிறார். "அந்த எலெக்‌ஷன் வருசம் நான் குடம் குடுக்காத கல்யாணமே கிடையாது. எல்லாத்துலயும் நம்ம பேரு வெட்டித்தான்."

அப்போதுதான் வாசலில் சத்தம். எட்டிப் பார்த்தால்... பத்துப் பன்னிரண்டு பெண்கள், இடுப்பில் காலிக் குடம். குருவிகுளம் பக்கத்துச் சின்ன ஊர். பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து அவர்களுக்குப் பைப் இழுக்க உத்தரவு வேண்டும். ஃபைல் அண்ணாச்சி மேஜையில்தான் கிடக்கிறதாம்.

அண்ணாச்சி முன்னால் நின்றவளின் குடத்தை வாங்கினார். வாசித்தார். அடுத்த குடம். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து. ஊரில் கல்யாணம், சடங்குக்கு அண்டா குண்டா கொடுக்கிற வாடகைக் கடையின் எழுத்து.

"பாத்தீரா வே, நான் பழக்கின வித்தைய எங்கிட்டயே காட்டுதாங்க" என்றார் என்னிடம். பெண்கள் பக்கம் திரும்பி, "யாரும்மா அனுப்புனது?" என்றார்.

பாம்பின் கால் பாம்பறியும். எதிர்க்கட்சி வேலைதான் என்று எனக்கும் தோன்றியது.

"யாரும் அனுப்பல ஐயா. நாங்களாத்தான் வந்தோம்" என்றாள் முன்னால் நின்றவள். பேச்சியம்மாள் என்று பெயர்.

"அப்ப உங்க வீட்டுக் குடத்த எங்க?"

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"அது வரிசையில நிக்கி" என்றாள். "ஊத்துக் கெணறு ஐயா. ஊற ஊறத்தான் மொள்ளணும். நேத்து வச்ச குடத்துக்கு இன்னும் மொற வரல. தூக்கிட்டு வந்தா எடம் போயிரும்லா? காலிக் குடத்தோட போனாத்தான் அதிகாரிமாரு பாப்பாவன்னு ஊருல சொன்னாவ. வேற குடத்துக்கு எங்க போவோம்? அதான் வாடகைக்கு எடுத்தோம்."

"நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கான்" என்றார் அண்ணாச்சி.

'தன்னைப் போல் பிறரையும் நினை' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் சொன்னதை அண்ணாச்சி அப்படியே கடைப்பிடிப்பவர்.

பேச்சியம்மாள் அசையவில்லை. "நம்பலைன்னா வந்து பாருங்க" என்றாள். அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. அதுதான் அண்ணாச்சியை உறுத்தியிருக்க வேண்டும். ஜீப்பை எடுக்கச் சொன்னார். பேச்சியம்மாளும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

கரிசல் காட்டு நடுவில் கிணறு. அடியில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். மேட்டில் வெயிலில் குடங்கள் மட்டும் நின்றன. பித்தளை, எவர்சில்வர், மண்குடம்கூட. ஒருவேளை நமக்கு முன்னால் யாராவது வந்து அடுக்கியிருப்பார்களோ? என் புத்தி அப்படித்தான் போனது. அண்ணாச்சிக்கும் அதே யோசனை போல. குனிந்து ஒவ்வொரு குடமாக வாசித்துக்கொண்டே போனார். மண்குடம் தவிர ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர்.

ஓர் எவர்சில்வர் குடத்தின் முன்னால் நின்றுவிட்டார். வயிற்றில் இரண்டு நசுங்கல். நானும் குனிந்து வாசித்தேன். 'அன்பளிப்பு' என்று வெட்டி, கீழே அண்ணாச்சியின் முழுப் பெயர், கட்சிப் பொறுப்போடு.

"எங் கல்யாணத்துக்கு நீங்க குடுத்ததுதான் ஐயா" என்றாள் பேச்சியம்மாள். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி குடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. மறுநாளே கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே, அந்த ஊர்வலப் படம் மலரில் வேண்டாம் என்றும்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். ஆட்கள் வந்து பைப்புக்கு அளந்துவிட்டுப் போனார்களாம். முகத்தில் சந்தோஷம் இருந்தது.

"பெறகென்ன, குடத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோயாச்சா?" என்றேன்.

"அது வரிசையிலயே நிக்கட்டும் ஐயா. தண்ணி வரட்டும், பாப்போம்."

எங்கள் மூன்று பேரில், சந்தேகப்படும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான் உண்டு.