திறந்து வைக்கப்பட்ட பிள்ளைக்காம்பராவின் சாவி

2008 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்குத் தோட்ட ஆபீசைத் திறந்தேன். ஆறு மணிக்கு மழைமானியைப் பார்த்தேன்: நாற்பத்தொரு மில்லிமீற்றர். ஆறரைக்குப் பெரட்டு, பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். எட்டேகாலுக்குத் தபால் பை வந்தது. பதினேழு கடிதங்கள். வழக்கம்போல, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வாரியாகப் பிரித்து மேசையின் இடது ஓரத்தில் அடுக்கினேன். பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப் போனார்கள். பத்து நாற்பதுக்குக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அதுவரைக்கும் அது எல்லாத் திங்களையும் போன்ற திங்கள்தான்.

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தேன். நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அன்றைய பக்கத்தில் மற்ற நாட்களைவிடப் பேனா ஆழமாகப் பதிந்திருக்கிறது. இப்போது தடவிப் பார்த்தாலும் பின்பக்கத்தில் எழுத்து கைக்குத் தட்டுப்படுகிறது.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடத்தைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்போம். எங்கள் தோட்டத்தில் அதில் பதினொரு தொட்டில்கள் தொங்கின. அதன் பின்னால் வெட்டிய மண்மேடு. முந்தைய ஆண்டு மழையில் அந்த மேடு சரிந்து வந்து பின்சுவரைத் தள்ளியது. சுவரில் வெடிப்பு. நான் ஒவ்வொரு திங்களும் போய் அளந்தேன். ஜூன் முதல் வாரம் என் சுண்டுவிரல் அதில் நுழையவில்லை. ஜூன் கடைசியில் நுழைந்தது.

புதிய பிள்ளைக்காம்பரா கட்டித் தருவதாகச் சொல்லி மே மாதம் ஓர் அரசியல்வாதி வந்தார். கோயிலுக்குக் கீழே உள்ள சமதரையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணியால் மூடியிருந்தார்கள். அவர் துணியை இழுத்தார். அடிக்கல். கை தட்டினோம். கூட வந்த நிருபர் காலில் ஏறும் அட்டைக்குப் பயந்து வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை. அடுத்த வாரம் கொழும்பிலுள்ள ஒரு தமிழ் இணையத்தளத்தில் செய்தி வந்தது: ‘நவீன சிறுவர் பராமரிப்பு நிலையம் திறப்பு.’ எங்கள் தோட்டத்தின் பெயர். அதற்குக் கீழே நாங்கள் யாரும் பார்த்திராத, நீல நிறக் கூரை போட்ட ஒரு கட்டடத்தின் படம்.

ஹட்டனில் அதை அச்செடுத்து வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவிடம் காட்டினேன். படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தெறந்துட்டாங்களாங்கய்யா? நல்லதுங்க. சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க, நாளைக்கே புள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போயிடுறேன்.”

அன்று நானும் சிரித்தேன். ஜூனில் வெடிப்பு பெரிதானபோதுதான் அந்தச் செய்தி என்ன செய்திருக்கிறது என்று புரிந்தது. தோட்டத்து மனேஜரான துரை, மாவட்ட அதிகாரியைக் கூப்பிட்டுக் கட்டட வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டார். “வெப் எகே தியெனவானே” என்றார் அதிகாரி சிங்களத்தில். இணையத்தில்தான் இருக்கிறதே, அதாவது முடிந்த விஷயம். பழைய கட்டடத்துக்காவது சுவர் கட்டித் தாருங்கள் என்றதற்கு, புதியது திறந்தாகிவிட்டதால் பழையது பாவனையில் இல்லாத, யாரும் பயன்படுத்தாத கட்டடம், அதற்குத் திருத்தவேலை தர முடியாது என்றார். பதினொரு பிள்ளைகள் பாவனையில் இல்லாத கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசின் முன்னறையில் பழைய பதிவேடுகளைத் தவிர ஒன்றும் இல்லை. மழை விடும்வரை பிள்ளைகளை அங்கே வைக்கலாமா என்று ஆயாம்மா கேட்டார். “இது ஆபீஸ், புள்ள வளக்கிற எடமில்ல” என்றார் துரை. அந்தப் பதிலையும் தேதி போட்டு எழுதிக் கோப்பில் வைத்தேன். அந்த அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. அதை நான் அப்போது நினைக்கவே இல்லை.

நான் நினைத்தது இணையத்தளத்தைப் பற்றி. ஒவ்வொரு செய்தியின் கீழும் ‘உங்கள் கருத்து’ என்று ஒரு பெட்டி இருந்தது. தொண்ணூறுகளில் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதம் எழுதியவன் நான். ஒரு கடிதம் அச்சில் வர ஆறு வாரம் ஆகும், வந்தாலும் பாதிதான் வரும். ஆனால் வெட்டியவர் படித்துவிட்டு வெட்டினார். அதற்காக அந்தக் காலத்தைப் புகழ மாட்டேன். அப்போது எழுதியவர்கள் யார்? கிளாக்கர்மார், வாத்தியார்மார். கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தியின் கடிதத்தையும் நான் எந்தப் பத்திரிகையிலும் கண்டதில்லை. இந்தப் பெட்டியில் அவள் நேரடியாகப் பேசலாம், நடுவில் ஆள் வேண்டாம் என்று நம்பினேன். நம்பிவிட்டு நானே நடுவில் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு. கொழுந்தெடுக்கும் இருபத்திமூன்று பெண்களோடு ஒன்பது மணி பஸ்ஸில் ஹட்டனுக்குப் போனேன். கொமினிகேஷன் கடையில் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்தேன். முதல் நாளே வாசகம் தயாரித்து வைத்திருந்தேன்: ‘மேற்படி செய்தியில் குறிப்பிடப்பட்ட நிலையம் இதுவரை கட்டப்படவில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.’ ஐந்தாம் லயத்தில் இருந்த ஒரு பெண்ணின் எட்டு மாதப் பிள்ளைதான் வெடித்த சுவருக்கு மிக அருகில் தூங்கும் பிள்ளை. அவளுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“என்னாங்கய்யா, தொரைக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி இருக்கு.”

“பின்ன எப்படி எழுதச் சொல்ற?”

“போட்டாவுல உள்ள நீலக் கூர வீடு எங்க தோட்டத்துலயே இல்ல. எம்புள்ள வெடிச்ச சொவத்துக்கு ஒரு மொழம் தள்ளித் தூங்குது. நம்பலன்னா வந்து ஒங்க புள்ளைய அதுக்குப் பக்கத்துல போட்டுப் பாருங்க. இப்புடிப் போடுங்க.”

“பேப்பர்காரங்களுக்கு அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா. மரியாதையா இருக்கணும்.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டாள். இருபத்திமூன்று பேருக்கும் என் வாசகத்தையே தட்டினேன். பெயர், லயத்து எண், தோட்டத்தின் முகவரி. ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் முகவரி கேட்டது. ஒன்றைத் திறக்கவே இருபது நிமிடம் போனதால் எல்லாருக்கும் அந்த ஒன்றையே போட்டேன். அனுப்பும் பொத்தானை மட்டும் அவரவர்தான் அழுத்த வேண்டும், இது ஓட்டுப் போடுவது மாதிரி என்றேன். அழுத்திவிட்டு ஒருத்தி சுண்டுவிரலை நீட்டினாள்.

“மை வைக்க மாட்டாங்களாங்கய்யா?”

கடை முழுக்கச் சிரிப்பு. திரும்பும் பஸ்ஸிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு, 13ஆம் தேதி, தனியாகப் போய்ப் பார்த்தேன். இருபத்திமூன்றில் ஒன்றுகூட இல்லை. மலையகம் விடிகிறது, தலைவருக்கு வாழ்த்துகள் என்று லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் புனைபெயர்களில் வந்த ஒன்பது பாராட்டுகள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே ஆசிரியர் குறிப்பு: ‘ஒரே நபரால் பல பெயர்களில் பதியப்பட்ட போலிக் கருத்துகள் நீக்கப்பட்டுள்ளன.’ பக்கத்திலேயே வாகனத்தை விட்டு இறங்காத அதே நிருபரின் அரசியல் கட்டுரை. இணையத்தில் முகமற்றவர்கள் பெருகுவதால் ஜனநாயகத்துக்கு ஆபத்தாம். அதற்கு உதாரணம் நாங்கள். அந்தத் தளத்தின் நெற்றியில் ‘மக்களின் குரல்’ என்று எழுதியிருந்தது.

மறுநாள் பத்து நாற்பதுக்கு நான் கூப்பிட்டது அந்தத் தளத்தின் ஆசிரியரை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகத்தான் பேசினார்.

“ஐயா, இருபத்திமூண்டு பேரும் ஒரே வசனம் எழுதினவையோ? ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரே ஈமெயில், ஒரே கொம்பியூட்டர், ஒரே முகவரி. என்ர இடத்தில இருந்தா நீங்கள் நம்புவியளோ?”

“லயத்துக்குத் தனி முகவரி கிடையாதுங்க. எல்லார் கடிதமும் ஆபீசுக்குத்தான் வரும். நான்தான் பிரிச்சுக் கொடுக்கிறேன்.”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்?”

“தோட்டத்தைப் பத்தி எழுதுறீங்க. அங்க கடிதம் எப்படிப் போகுதுன்னு தெரியாதுங்களா? சரி, லண்டன்ல இருந்து பாராட்டினவரோட முகவரி என்னங்க?”



“அது வேற விஷயம் ஐயா.”

“அப்ப யாரையாவது அனுப்புங்க. ஹட்டன்ல இருந்து பஸ் இருக்கு. கட்டடம் இருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்துட்டுப் போகட்டும்.”

“எங்களிட்ட ஆக்கள் காணாது. நீங்கள் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, பாப்பம்.”

இல்லாத கட்டடத்தை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

கோபத்தில் நாட்குறிப்பைத் திறந்து அழுத்தி எழுதினேன். ஒரு பொய்ச் செய்திக்குச் சாட்சி தேவைப்படவில்லை. அதை மறுத்த இருபத்திமூன்று பேர் தாங்கள் இருப்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. பேசச் சொல்லிப் பெட்டி வைக்கிறார்கள், பேசுகிறவளுக்கு ஒரு வீதியும் வீட்டு இலக்கமும் இருக்கும் என்ற நினைப்பில். வீதி இல்லாதவள் பேசினால் அவள் போலி. அதிகாரி செய்தியைக் காட்டுகிறார், செய்தி படத்தைக் காட்டுகிறது, படம் யாருடைய தோட்டத்தையோ காட்டுகிறது. இவர்களில் ஒருவர்கூட எங்கள் படிக்கட்டில் கால் வைக்கவில்லை.

ஆனால் என் கோபத்தின் பெரும்பங்கு என் மேல்தான். ஆசிரியர் சொன்னதில் ஒன்று உண்மை. அந்த இருபத்திமூன்றையும் எழுதியவன் ஒருவன்தான். ‘தயவுடன் அறியத்தருகிறேன்’ என்று எந்தக் கொழுந்தெடுக்கும் பெண் சொல்வாள்? ஒரு முழம் தள்ளித் தூங்கும் பிள்ளையை எழுதியிருந்தால் அந்த ஆசிரியரின் கை நீக்குவதற்கு முன் ஒரு நொடியாவது நின்றிருக்கும். நின்றிருக்காது என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் அவரை நிற்க வைக்கக்கூடிய ஒரே வாக்கியத்தை எடுத்தெறிந்தவன் நான், மரியாதை இல்லை என்று.

பிற்பகல் மூன்றரைக்கு மழையில் பிள்ளைக்காம்பராவுக்குப் போனேன். வெடிப்பில் இரண்டு விரல் நுழைந்தது. ஒரு தேங்காய்மூடி அளவு மண் உள்ளே விழுந்து கிடந்தது. ஆயாம்மா பின்பக்கத் தொட்டில்களை அவிழ்த்து முன்பக்கக் கூரை வளையில் நெருக்கிக் கட்டியிருந்தார். ஒன்றை ஆட்டினால் மூன்று ஆடின.

நாலரைக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கருத்துகளை நீக்கியதை, கட்டுரையை, தொலைபேசியை. எல்லாம் ஒரே ஆள் எழுதியது என்கிறார்கள் என்றேன். ஐந்தாம் லயத்துப் பெண் கூடையை இறக்கி வைத்தாள்.

“அப்ப நாங்க இருவத்திமூணு பேரும் நீங்கதானாங்கய்யா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப பாலும் நீங்களே குடுத்துருங்க” என்றார் பிள்ளைகளைத் தூக்கிவந்த ஆயாம்மா. “ஆமா, அந்த நீலக் கூர வீட்டுச் சாவி கெடச்சிச்சாங்க?”

“ஆயாம்மா, அது கெடக்கட்டும்” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். “நாளைக்கு எம்புள்ளைய அந்தச் சொவத்துக்குக் கீழ விட மாட்டேன். பெரட்டுக்குத் தூக்கிட்டு வாரேன். ஆபீசு முன்ரூம் சாவி யாருகிட்டங்க?”

மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். துரை என்ன சொல்வார் என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அதற்கு எழுத்தில் பதில் ஏற்கெனவே என் கோப்பில் இருந்தது.

“எங்கிட்டத்தான் இருக்கு” என்றேன்.

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. மழைமானியை ஏழு மணிக்குத்தான் பார்த்தேன். அதற்கு முன்னால், ஐந்து இருபதுக்கு, முன்னறையைத் திறந்து பதிவேடுகளைச் சுவரோரம் ஒதுக்கினேன். ஐந்து நாற்பதுக்கு அவள் பிள்ளையோடும் பழைய சேலையோடும் கயிற்றோடும் வந்தாள். பிள்ளையைக் கூட வந்த ஆயாம்மாவிடம் கொடுத்துவிட்டு என் நாற்காலியில் ஏறி வளையில் தொட்டில் கயிற்றைக் கட்டினாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.