தனக்கொடியின் காற்று

சோப்பு நுரையைக் காற்று சிலிண்டர் வால்வின் கழுத்தைச் சுற்றித் தடவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறாள் தனக்கொடி. குமிழி வந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். வரவில்லை. வராதது அவளுக்குப் போதாது. துடைத்துவிட்டு மறுபடி தடவுகிறாள். மூன்றாம் தடவை காதை வைத்துக் கேட்கிறாள். அடுப்பில் குக்கர் நாலு விசில் அடித்து ஓய்ந்துவிட்டது. அதை இறக்க எழுந்திருப்பாள் என்கிறீர்களா? மாட்டாள்.

“காத்த நம்பக் கூடாது சார். கண்ணுக்குத் தெரியற சாமானா இன்னா?” என்பாள் கேட்டால்.

புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் கீழ்வீட்டில் தனக்கொடி குடும்பம், மாடியில் நான். வீட்டின் சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். அதனால் மொட்டை மாடியில் துப்பாக்கி சுடுவதைக் கேட்க நாதியில்லை. சுடுவது துர்கா, தனக்கொடியின் ஒரே மகள், பன்னிரண்டாம் வகுப்பு. பத்து மீட்டர் தூரத்தில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் காகிதக் குறி, கையில் ஏர் ரைஃபிள். குழலுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் அளவில் ஒரு சிறிய சிலிண்டர் திருகியிருக்கும். அதற்குள்தான் காற்று. கார் டயரில் இருப்பதைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறது என்று தனக்கொடி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்ன நாளிலிருந்து என் தூக்கமும் போயிற்று. நல்ல குடும்பம், நல்ல பெண், ஆனால் தலைமாட்டில் இப்படி ஒன்றா என்று புலம்பியிருக்கிறேன்.

சுடுவது மகள் வேலை, காற்று அம்மா வேலை என்று அந்த வீட்டில் எழுதாத சட்டம். காற்றை எதிலிருந்து பிடிப்பது என்பதை முடிவு செய்யவே அவளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. கைப்பம்பு வாங்கினார்கள். அரை மணி நேரம் ஏறி ஏறி அமுக்கினாலும் அழுத்தம் காட்டும் முள் பல்லி மாதிரி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மழை நாளில் ஈரக் காற்று உள்ளே போய்த் துரு பிடிக்கும் என்று யாரோ சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. கார் பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் வாங்கலாம் என்றான் புருஷன் வெற்றிவேல். அதுவும் இந்தக் கடல் காற்றைத்தானே இழுக்கும் என்று கேட்டாள். கடைசியில் கடலுக்குள் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் பெரிய சிலிண்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினார்கள். டவுனில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் கடையில் உலர்ந்த காற்றாக வடிகட்டி, முள் இருநூறு வரை அடைத்துத் தருவார்கள். அதிலிருந்து வீட்டில் சிறியதை நிரப்பிக்கொள்ளலாம்.

அந்தப் பெரிய சிலிண்டரை அவள் ஸ்கூட்டியில் கொண்டுபோகும் அழகைப் பார்க்க வேண்டும். பழைய புடவையில் சுற்றி, கால் வைக்கும் இடத்தில் படுக்க வைத்து, இரண்டு கயிறு கட்டி, ஆற்றுப் பாலத்தின் மேல் ஆமை போல் ஊர்வாள். பின்னால் வருகிறவன் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போவான். திரும்பிப் பார்க்கமாட்டாள். வீட்டில் குளிர்ச்சியான இடம் பூஜை அறை என்பதால் சாமி படங்களுக்குக் கீழேதான் அது படுத்திருக்கும். ஆயுத பூஜைக்கு வெற்றிவேல் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்துக் குத்தியிருக்கும் தேதி மறைகிறது என்று அன்றைக்கே துடைத்துவிட்டாள். சாமியைவிடத் தேதிமேல் நம்பிக்கை.

வயது நாற்பத்து நாலு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதிமூன்று வருஷமாக வார்டு உதவியாளர். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அணைத்த அடுப்பை மறுபடி அணைப்பாள். “அம்மாவுக்குச் சந்தேகம்” என்பது வீட்டில் ஒரு கேலிப் பேச்சு. நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

இந்த வருஷம் துர்காவுக்கு மாநில அணித் தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. தேர்ந்தால் தேசியப் போட்டி. அடுத்த வருஷம் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் அதை நம்பித்தான் இருந்தது. அந்தப் பெண் மூன்று வருஷமாக இதற்காகக் காலை ஐந்து மணிக்கு எழுந்தவள். சரியாக அந்த வாரம் பார்த்து, பெரிய சிலிண்டரைச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள் தனக்கொடி. தேதி முடிய இன்னும் இரண்டு மாசம் இருந்தது. “ரெண்டு மாசம்னு இரும்புக்குத் தெரியுமா சார்?” என்று என்னிடம் கேட்டாள். சனிக்கிழமைக்குள் திரும்பி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. முக்குளிக்கும் கடையில் கம்ப்ரஸருக்கு வடிகட்டி மாற்றுகிறார்கள், திங்கட்கிழமைக்குத்தான் காற்று என்றார்கள். பயிற்சிக் கூடத்தில் இருக்கும் சிலிண்டரின் மரை இந்தத் துப்பாக்கிக்குச் சேராது. சிறிய சிலிண்டரில் முள் நூறில் நின்றது. போட்டிக்கு அறுபது குண்டு, அதற்கு முன் பழக்கத்துக்குச் சுடுவது வேறு. எட்டாது.

கைப்பம்பை எடுக்கிறேன் என்றான் வெற்றிவேல். மூன்று நாளாக மழை, ஈரக் காற்று வேண்டாம் என்றாள். அப்புறம் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று அவன் கத்தியது மாடிவரை கேட்டது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மீன் வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன் கிளம்பி மதியம் வந்து படுப்பவன், சாதாரணமாகக் குரல் எழுப்பமாட்டான். சனிக்கிழமை காலை வண்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்தவன், அன்றைக்கு எழுப்பினான். அவளும் டியூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மழை விட்டு வெயில் அடித்த அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு நான் மொட்டை மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். துர்கா தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு. அப்பா காற்று பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் அங்கிள் என்றாள். சிலிண்டரைத் திருகினாள், குண்டைப் போட்டாள், கால்களை அகட்டி நின்று கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் சாய்த்தாள்.

அதே நேரம் கீழே தனக்கொடி டியூட்டி முடிந்து வந்திருக்கிறாள். நடந்ததைப் பிறகு வெற்றிவேல்தான் என்னிடம் சொன்னான். காற்று பிடித்தாயிற்று என்று அவன் சொன்னதும், முள் எவ்வளவு என்று கேட்டிருக்கிறாள். நூற்று நாற்பது என்றிருக்கிறான். கடையில் பிடித்திருந்தால் இருநூறு வந்திருக்கும், அங்கேதான் காற்றே இல்லையே, எங்கே பிடித்தீர்கள் என்றிருக்கிறாள்.

“கோரிமேட்டுல, சுப்ரமணி அண்ணன்கிட்ட. பழைய காத்த சுத்தமா வெளிய வுட்டுட்டு புதுசாப் புடிச்சோம்மே. நோயாளிக்கே குடுக்கறது, துப்பாக்கிக்கு ஆவாதா?”

சுப்ரமணி வெற்றிவேலின் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுகிறவர். தம்பி மகளுக்குத் தேர்வு என்றதும், லேத் பட்டறையில் சொல்லி இரண்டு மரையையும் சேர்க்க ஒரு இணைப்பே கடைந்து வாங்கியிருக்கிறார். பாசத்தில் குறையில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வெற்றிவேல் இன்னொன்றும் சொன்னான்.

“லீக்கு ஆவக் கூடாதுன்னு மரையில லேசா கிரீஸ் வச்சன்.”

வண்டி ஓட்டுகிறவன் வேறென்ன செய்வான்? ஆனால் ஆஸ்பத்திரியில் தனக்கொடிக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே, எண்ணெய்க் கையோடு ஆக்ஸிஜன் பக்கம் போகாதே என்பதுதான். அழுத்தத்தில் அடைத்த ஆக்ஸிஜனும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்தால் நெருப்புக் குச்சி தேவையில்லை. தானாகப் பற்றும், வெடிக்கும். நிரப்பும்போதே வெடிக்காதது அவர்கள் செய்த புண்ணியம். துப்பாக்கியில் அது சுடுகிறவளின் தாடைக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது.

மாடிப்படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் தனக்கொடி வெறுங்காலோடு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. துர்காவின் விரல் விசைமேல் இருந்தது. வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அலறியிருப்பாள். அலறினால் பிள்ளை திடுக்கிட்டு விரலை அழுத்திவிடுவாள் என்று இவளுக்கு அந்த நொடியிலும் சந்தேகம் வந்திருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குரலில் பேசினாள்.

“துர்கா, வெரல எடுத்துட்டு துப்பாக்கியக் கீழ வையி. அம்மாவுக்கு ஒரு சந்தேகம்.”

“உனக்கு எப்பத்தான்மா சந்தேகம் இல்ல?” என்று சலித்துக்கொண்டே துர்கா துப்பாக்கியைத் தாழ்த்தி மேஜைமேல் வைத்தாள்.

தனக்கொடி அவளை இழுத்துப் பின்னால் தள்ளினாள். அதற்குப் பிறகுதான் ஆக்ஸிஜன், கிரீஸ் என்று விஷயத்தைச் சொன்னாள். நான் நின்றிருந்த இடம் நாலடி தூரம். இவளைக் கேலி செய்து இத்தனை நாள் சிரித்தேனே என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பயிற்சியாளர் இளஞ்செழியன் சென்னையில் இருந்தார். போனில் சொன்னோம். விசையைத் தொடாதீர்கள், எல்லோரும் தள்ளிப் போங்கள், விடியுமுன் நான் வந்து பார்க்கிறேன் என்றார். ராத்திரி முழுக்க அது தன் தலைக்குமேல் இருப்பதா என்று கேட்டாள் தனக்கொடி. வேறு வழியில்லாமல் அவர் ஒவ்வொரு வேலையாகச் சொல்ல, இவள் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு, எங்களையெல்லாம் கீழே விரட்டிவிட்டு, ஆக்ஸிஜனை வெளியே விடத் தனியாகப் போனாள்.

வெற்றிவேல் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். நானாகக் கொண்டுபோய்ப் பிள்ளை முகத்தில் வைத்தேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மேலிருந்து சீறல் மெல்லியதாக, விட்டு விட்டு வந்தது. ஒரு மணி நேரம். அவள் இறங்கி வந்தபோது கையில் காலி சிலிண்டர் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. யாரையும் திட்டவில்லை. மரையிலிருந்த கிரீஸை உலர்ந்த துணியால் துடைத்துக்கொண்டே, “பெரிய சிலிண்டர நான்தான அவசரப்பட்டு அனுப்பனேன்” என்றாள். அதோடு சரி.

இனி கைப்பம்புதான். ஒரு தடவை ஈரம் போனால் ஒன்றும் ஆகாது, தேர்வு முடிந்ததும் காலி செய்துவிடலாம் என்றார் பயிற்சியாளர். பாதி அடிப்பது, வெளியேற்றுவது, மறுபடி அடிப்பது என்று இரண்டு தடவை அலசினார்கள். பிறகு முழுதாக. வெற்றிவேல் ஐம்பது அமுக்கு, நான் இருபது, துர்கா முப்பது. நடுவில் பம்பு சூடாகிவிட்டது, நிறுத்துங்கள் என்று தனக்கொடி காவல். தன் முறை வந்தபோது சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எண்பது அமுக்கினாள். முள் இருநூறைத் தொட்டபோது எங்கள் நாலு பேருக்கும் தோள் கழன்றுவிட்டது.

காலையில் இளஞ்செழியன் பேருந்திலிருந்து நேராக வந்தார். சிலிண்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மரையை முகர்ந்தார், முள்ளைப் பார்த்தார். சுத்தமான காற்றுதான் அக்கா, தைரியமாகச் சுடலாம், எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். நிச்சயமா என்று கேட்டாள். நிச்சயம் என்றார். வாசல்வரை போய் இன்னொரு தடவை கேட்டாள். அவர் ஆட்டோவில் ஏறிய பிறகும் கேட்டாள்.

துர்கா பத்துக் குண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன் என்று துப்பாக்கியை மாடிக்கு எடுத்துவந்தாள். பின்னாலேயே தனக்கொடி வந்தாள். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, கீழே போய் அப்பாவோடு நில் என்றாள். சார், நீங்களும் போங்க என்றாள். ரைஃபிளைத் தூக்கி ஓரம் வைப்பதைத் தவிர அதை அவள் தொட்டுப் பார்த்ததில்லை. குண்டு எப்படிப் போடுவது என்று மட்டும் மகளிடம் கேட்டுக்கொண்டாள். துர்கா ஒரு குண்டைப் போட்டுக் காட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

மாடிக் கதவைத் தனக்கொடி அந்தப் பக்கம் தாழிட்டுக்கொண்டாள். நான் இறங்கவில்லை. பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். தகரப் பெட்டிக்கு இரண்டடி பக்கத்தில் போய் நின்று, குழலை அதற்கு நேராகப் பிடித்தாள். மகளுடைய கன்னம் பட்டுப் பட்டு வழவழப்பான இடத்தில் தன் கன்னத்தை அழுத்தி வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்து சிலிண்டரைப் பார்த்தாள், கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு டப்பாவிலிருந்து இன்னொரு குண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கன்னத்தை வைத்தாள்.