அலுமாரிக் கதவில் ஒரு பொலிஸ்காரர்

அக்கா வீட்டு அலுமாரியின் இடப்பக்கக் கதவைத் திறந்தால், உட்புறத்தில் ஒரு நடிகர் பொலிஸ் உடுப்பில் நிற்பார். பத்திரிகையில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஓரம் பிசகாமல் பிளேட்டால் வெட்டி, கோதுமைமாப் பசை பூசி ஒட்டியவர் அத்தான்.

யுத்த காலத்தில் அம்பிட்டியவிலிருந்த அவர்கள் வீட்டில் தங்கித்தான் கண்டியில் வேலைக்குப் போய்வந்தேன். அத்தான் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க உத்தியோகத்தர். அலுவலகத்தில் அவர் சிரித்து எவரும் கண்டதில்லையாம். ஆனால், ஒரு திருடனையும் பிடிக்காமல் ஊரெல்லாம் ஓடித்திரியும் இரண்டு பொலிஸ்காரர்களின் சிரிப்புப் படமொன்றைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் வேறு ஆளாகிவிட்டார். அலுமாரியில் நிற்பவர்தான் அதில் கதாநாயகன். அவர் மேலதிகாரிக்குச் சல்யூட் அடிக்கும்போது தொப்பி சரிந்து கண்ணை மறைக்கும். சல்யூட் விளக்குக் கம்பத்துக்குப் போய்விடும். அத்தான் பாண் ரொட்டி வைக்கும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அதைச் செய்து காட்டுவார். அக்கா சிரித்தே களைத்துப்போவா.

ஒரு ஞாயிறு முற்பகல் வீட்டைச் சோதனையிடப் பொலிஸ் வந்தது. அலுமாரியைத் திறந்த சார்ஜன்டின் கை அந்தப் படத்தில் நின்றது. வடக்கில் போராளி இயக்கத்துக்கும் தனியாகப் பொலிஸ் இருந்த நாட்கள் அவை. கறுப்பு வெள்ளையில் உடுப்பின் நிறமும் தெரியவில்லை. யார் இது என்று சிங்களத்தில் கேட்டார்.

"நளுவா, சேர்," என்றார் அத்தான். நடிகன்.

சார்ஜன்ட் நம்பவில்லை. அடையாள அட்டையோடு அத்தானை ஜீப்பில் ஏறச் சொன்னார். அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அத்தான் திக்கித் திக்கி, இவர் சிரிப்பு நடிகர், வேண்டுமானால் நடித்துக் காட்டுகிறேன் என்றார். சார்ஜன்ட் தன் தொப்பியையே கழற்றி நீட்டினார்.

அது அத்தானின் தலைக்கு அளவாக இருந்தது, சரியவில்லை. தானே தலையை ஆட்டி, அதைக் கண்வரை இறக்கி, அலுமாரிக்குச் சல்யூட் அடித்தார். பொலிஸ்காரர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

"ஆயெத்," என்றார் சார்ஜன்ட். திரும்பவும்.

அத்தான் திரும்பவும் செய்தார். இம்முறை இன்னும் நன்றாக இருந்தது. அக்கா பயத்தில் சிரித்தா. எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது. சார்ஜன்ட் தொப்பியை வாங்கி, அத்தானின் தோளில் தட்டிவிட்டு, ஆட்களோடு போய்விட்டார்.

ஜீப்பின் சத்தம் ஓய்ந்த பிறகு அத்தான் எங்கள் முகத்தைப் பாராமல் கேட்டார்: "நல்லாச் செய்தனானோ?"

அக்கா படத்தைக் கிழிக்கப் போனா.

"விடும்," என்றார் அத்தான். "திரும்பி வந்தா, ஏன் கிழிச்சனீங்கள் எண்டு கேப்பாங்கள்."

பாண் கூடை அதன்பின் பாணுக்கு மட்டுமே ஆயிற்று. இப்போதும் அந்தச் சிரிப்புப் படம் தொலைக்காட்சியில் வந்தால், விளக்குக் கம்பம் வருமுன்பே அத்தான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். நான் இருந்து பார்ப்பேன். அந்த நடிகரை இன்னமும் எனக்குப் பிடிக்கும்.

போன கிழமை அக்காவுக்குச் சேலை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். படம் மஞ்சளாகிவிட்டது, பசை விடவில்லை. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். அத்தான் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.