கோரைக்கட்டோடு வாசலில் நின்ற அக்கா

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் உறவினரும் சிநேகிதரும் நான் அவரைப் புகழ்ந்து எழுதியிருப்பேன் என்று எதிர்பார்ப்பீர்கள். புகழத்தான் போகிறேன், வயிற்றெரிச்சலோடு.

இங்கே பர்மாவிலேயே, பசுந்தாங்கில் பிறந்தவர் அக்கா. கல்யாணமான மறுவருஷமே கணவரைப் பறிகொடுத்தார், பிள்ளையில்லை. எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு, தினமும் ரயிலேறி இன்சீனில் ஒரு ரயில்வே துரை வீட்டுக்குச் சமைக்கப் போனார். முகம் சுளித்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வீட்டுத் துரைசானி ஐரிஷ்காரி. பிப்ரவரி முதல் தேதி அவர்கள் நாட்டு அர்ச்சியசிஷ்ட பிரிஜித்தம்மாள் என்ற புனிதையின் திருநாள். முந்தின நாள் பொழுது சாயும்போது வீட்டுப் பெண்ணொருத்தி பச்சைக் கோரையைக் கட்டாக ஏந்தி வாசலில் நின்று, அம்மாள் பெயரால் உள்ளே விடச் சொல்லிக் கேட்பாளாம். உள்ளிருப்பவர்கள் முழந்தாளிட்டு வரவேற்பார்களாம். அந்தக் கோரையிலேயே சிலுவை முடைந்து நிலைக்கு மேல் மாட்டுவார்கள். பிறகு சாப்பாடு: வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கும் கோசும்; கூடவே மாவில் மோரும் ஆப்பசோடாவும் சேர்த்துப் பிசைந்து, மேலே சிலுவை கீறிச் சுட்ட ரொட்டி.

அக்கா இதையெல்லாம் கற்றுவந்து எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தார். வெளியே நிற்பவர் எப்போதும் அவர்தான். உள்ளே என் மகள் முழந்தாளிட்டு, "வாங்கம்மா, வாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வாள். பெற்றவள் நான் அடுப்படியில் கிழங்கு மசித்துக்கொண்டிருப்பேன். நான் கடைக்குப் போய்த் திரும்பினால் ஒரு தடவையாவது அப்படி ஓடிவந்தாளா? காய்ச்சலென்றாலும் பெரியம்மா மடிதான். என்ன மருந்து வைத்தாரோ, போங்கள். பொறாமை என்றே எழுதுகிறேன்; அச்சுக் கோப்பவர் மாற்ற வேண்டாம்.

போன வருஷம் மழைக்காலத்து ஜுரத்தில் அக்கா படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கடைசி நேரத்தில் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு பர்மியப் பெண்மணிக்கும், இன்சீனிலிருந்து வந்து சவப்பெட்டி தூக்கியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த வருஷம் திருநாளுக்கு முந்தின மாலை, இனி என் முறை என்று கோரைக்கட்டோடு நானே வாசலில் நின்றேன். கதவைத் தட்டி, "பிரிஜித்தம்மா வந்திருக்கேன், உள்ளே விடுங்க" என்றேன். உள்ளே தடதடவென்று ஓடிவரும் சத்தம். என் மனசு குளிர்ந்துபோயிற்று.

கதவு திறந்தது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நீங்களாம்மா?"

"நான்தான். வாங்கன்னு சொல்லு" என்றேன்.

சொன்னாள், தெருவைப் பார்த்துக்கொண்டே.