கைகுலுக்கினால்தான் எழலாம்

லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஞாயிறு காலை. தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் நாதன் என்னைக் குவேக்கர் என்ற கிறிஸ்தவர்களின் வழிபாட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். பாட்டில்லை, பிரசங்கமில்லை. ஒரு மணி நேரம் எல்லோரும் வட்டமாகப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஒருத்தரும் உங்களைக் கதைக்கச் சொல்ல மாட்டினம். வாயே திறக்காத உங்களுக்கெண்டே கட்டின இடம், அண்ணை" என்கிறார் நாதன் வாசலில்.

மொத்தம் ஒன்பது பேர். அடுத்தடுத்து மூன்று நாற்காலிகள் காலி. நடுவில் நாதன் என்னை உட்கார வைத்து, தான் ஒரு பக்கம் உட்காருகிறார். என் மறுபக்கம் காலியாகவே இருக்கும் நாற்காலிக்கு அப்பால் நரைத்த தலையோடு ஓர் அம்மா.

நேரம் முடிகிறது. அந்த அம்மா காலி நாற்காலியை நோக்கிக் கையை நீட்டுகிறார். கை மெல்ல மேலும் கீழும் அசைகிறது. பிறகு எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நாதன் என் காதருகே குனிகிறார்.

"அவவின்ர மனுசன் செத்து மூண்டு கிழமை. கைகுலுக்கல் ஒவ்வொருத்தரா வட்டம் சுத்தி வந்தாத்தான் எழும்பலாம். போன கிழமை அவரின்ர கையை ஒருத்தரும் வாங்கேல்லை. இவ பொழுதுபடும்வரை இருந்த இடத்திலயே இருந்தவ."

"நீங்க வாங்கியிருக்கலாமே?"

"பயமா இருந்தது. இப்ப அவர் உங்கட பக்கம் திரும்பியிருப்பார், அண்ணை."

அந்த அம்மாவின் பார்வை என் கையில் நிற்கிறது. இன்றும் அவரை மாலை வரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, காலி நாற்காலியின் பக்கம் நீட்டுகிறேன்.

நான் அசைக்கவில்லை. கை அசைகிறது.

அதே கையை நாதனிடம் நீட்டுகிறேன். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறார்.